முத்தையாவின் வண்டிக்குக் கேம் தேர்ந்தெடுத்தது

1. லாரியில் வந்த பைக்

ஒரு செவ்வாய்க்கிழமை பகல் பன்னிரண்டு மணி இருக்கும். சிறுமலையிலிருந்து வாழைத்தார் ஏற்றி வரும் மினி லாரி ஒன்று என் பட்டறை வாசலில் வந்து நின்றது. தார்களுக்கு நடுவே ஒரு பைக்கைக் கயிறு போட்டுக் கட்டியிருந்தார்கள். பத்து நாளைக்கு முன்னால் நான் இன்ஜின் வேலை பார்த்துக் கொடுத்த வண்டி. அதன் இடது சைடு வீல் உள்பக்கமாக மடங்கிக் கிடந்தது.

வண்டிக்காரர் முத்தையா டிரைவர் பக்கத்திலிருந்து கைத்தடியை ஊன்றி மெதுவாக இறங்கினார். முழங்கையில் துண்டைச் சுற்றியிருந்தார்.

"என்னங்க ஆச்சு?" என்றேன்.

"ஏழாவது வளைவுல நின்னுபோச்சு பாய். பின்னாடியே உருண்டு சுவத்துல முட்டிருச்சு. இந்தத் தம்பி லாரி அந்நேரம் மேல இருந்து எறங்கி வந்துச்சு, பொழச்சேன். உங்க சாமியும் எங்க சாமியும் சேந்து டியூட்டி பாத்துருக்காக."

அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த நேரத்தில் என் புத்தி என்ன வேலை பார்த்தது என்று மறைக்காமல் எழுதுகிறேன். அடிபட்டதா, ஆஸ்பத்திரிக்குப் போனீர்களா என்று நான் முதலில் கேட்கவில்லை.

"எந்த கியர்ல இருந்துச்சு?" என்று கேட்டேன்.

"ரெண்டுல இருந்து ஒண்ணுக்கு மாத்துனேன் பாய்."

"லேட்டா மாத்திருப்பீங்க. ரேஸைக் கொறைக்காமப் பட்டுனு போட்டிருக்கணும்."

அவர் தன் வலது கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார். "அப்பிடித்தான் இருக்கும். என் கை அம்புட்டுதான்."

இன்றைக்கு வண்டி வேலை பழகுகிறவர்களுக்காக நான் இதை எழுத உட்கார்ந்ததே அந்தச் சொல்லுக்காகத்தான். குற்றம் என்னுடையது. அவர் அதை ஒரு பேச்சும் இல்லாமல் தன் கையில் வாங்கிக்கொண்டார்.

2. அவர் கேட்டது ஒன்று

என் பெயர் காதர். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. திண்டுக்கல் நத்தம் ரோட்டில் முப்பது வருடமாகப் பட்டறை வைத்திருக்கிறேன். பிஸ்மில்லாஹ் சொல்லாமல் எந்த இன்ஜினையும் திறந்ததில்லை. ஊருக்குள் எனக்கு ஒரு பெயர் உண்டு. மண் தடத்தில் ரேஸ் ஓட்டுகிற பையன்கள் இன்ஜினின் தலைப்பகுதியான சிலிண்டர் ஹெட்டைத் தூக்கிக்கொண்டு என்னிடம்தான் வருவார்கள். ஹெட்டுக்குள் காற்றும் பெட்ரோலும் போகிற வழியை போர்ட் என்போம். கம்பெனியில் வார்க்கும்போது அதில் சொரசொரப்பும் மேடும் இருக்கும். அதைக் கடைந்து வழவழப்பாக்கி, கொஞ்சம் அகலப்படுத்தினால் இன்ஜின் தாராளமாக மூச்சு விடும். இதுதான் போர்ட்டிங். என் கைக்கு அது நன்றாக வரும். அந்தப் பெருமை எனக்கு இருந்தது.

முத்தையாவுக்குச் சிறுமலை பழையூரில் சின்ன மளிகைக் கடை. சிறு வயதில் போலியோ வந்து இடது கால் சூம்பிவிட்டது. 150 சிசி பைக் ஒன்றில் இரண்டு பக்கமும் சைடு வீல் மாட்டி, பின்னால் இரும்புக் கேரியர் வைத்து ஓட்டுகிறார். இடது காலால் கியர் போட முடியாது என்பதால் கியர் பெடலிலிருந்து ஒரு இரும்புத் தண்டு மேலே வரும். அதைக் கையால் தள்ளி, இழுத்து கியர் மாற்றுவார். வாரம் இரண்டு தடவை திண்டுக்கல்லில் அரிசி, எண்ணெய், சோப்பு வாங்கிக்கொண்டு பதினெட்டு கொண்டை ஊசி வளைவும் ஏறிப் போக வேண்டும்.

ஏற்றத்தில் வண்டி திணறும்போதெல்லாம் பின்னால் உட்கார்ந்திருக்கும் அவர் மனைவி பாண்டியம்மாள் குதித்து இறங்கி, டயருக்குப் பின்னால் கட்டையைப் போடுவார். பிறகு தள்ளுவார். பல வருடமாக இப்படித்தான் அவர்கள் கடைக்குச் சரக்கு போயிருக்கிறது. அந்த அம்மாவுக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன் நடந்தது. இனிமேல் குதிக்கக் கூடாது, தள்ளக் கூடாது, பாரம் தூக்கக் கூடாது என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள்.

அதற்குப் பிறகுதான் முத்தையா என்னிடம் வந்தார்.

"இழுவைக்காகப் பின் செயின் ஸ்ப்ராக்கெட்ல மூணு பல்லு கூட்டிப் பாத்துட்டேன் பாய், பத்தல. இனி நான் ஒத்தையாத்தான் ஏறணும். வண்டி நின்னா எறங்கிக் கட்டை போட எனக்குக் கால் கிடையாது. எனக்கு வேகம் வேணாம். நிக்காம ஏறணும், அம்புட்டுதான்."

இவ்வளவு தெளிவாக ஒரு வாடிக்கையாளர் சொல்லி நான் கேட்டதில்லை. ஆனால் என் காதில் விழுந்தது 'பவர் வேண்டும்' என்பது மட்டும்தான்.

3. நான் செய்தது வேறு

மூன்று நாள் உட்கார்ந்து ஹெட்டைக் கடைந்தேன். சும்மா சொல்லக் கூடாது, நல்ல வேலை. அளவை மீறிப் பெரிதாக்கவில்லை, வால்வு வந்து உட்காரும் சீட் பக்கத்தில் இருந்த மேட்டைச் சாய்த்து, வளைவைச் சீராக்கினேன். அடுத்து கேம் ஷாஃப்ட்.

கேம் ஷாஃப்ட் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். ஹெட்டுக்குள் சுற்றுகிற ஒரு தண்டு அது. அதில் முட்டை மாதிரி மேடுகள் இருக்கும். அந்த மேடுதான் போர்ட்டின் கதவான வால்வைத் திறந்து மூடுகிறது. மேடு உயரமாக இருந்தால் வால்வு அதிகமாகத் திறக்கும். மேடு அகலமாக இருந்தால் அதிக நேரம் திறந்தே இருக்கும். எவ்வளவு உயரம், எவ்வளவு அகலம் என்பதில்தான் இன்ஜினின் குணமே இருக்கிறது.

அதே மாடல் வண்டிக்கு ரேஸ் பையன் ஒருவன் விட்டுப்போன கேம் என் அலமாரியில் இருந்தது. அகல மேடு. பெரிய போர்ட்டுக்குப் பெரிய கேம்தான் பொருத்தம் என்று நான் நினைத்தேன். அப்படித்தான் எல்லாருக்கும் சொல்லியும் வந்தேன். அதையே மாட்டினேன்.

எங்கள் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. வேலை முடிந்த வண்டியை நான்கு வழிச் சாலைக்குக் கொண்டுபோய், பாலத்திலிருந்து பாலம் வரை விரட்டிப் பார்த்துத்தான் கொடுப்போம். முத்தையாவின் வண்டியையும் அப்படியே விரட்டினேன். தரை மட்டமான ரோடு, கேரியர் காலி. அந்த இரும்புத் தண்டு இடைஞ்சலாக இருந்ததால் அதைத் தொடாமல் காலாலேயே பெடலை மிதித்து கியர் மாற்றினேன். வண்டி அம்பு மாதிரி போனது.

"சத்தமே கெத்தா இருக்கே பாய்!" என்று முத்தையா சந்தோஷப்பட்டார். பழகிப் பார்க்க ஒரு காலிப் பெட்டியைக் கட்டிக்கொண்டு இரண்டு தடவை மலைக்குப் போய் வந்திருக்கிறார், பிரச்சினை இல்லை. மூன்றாவது தடவை முழுச் சரக்கோடு போனார். அந்தச் செவ்வாய்க்கிழமை.

4. வெள்ளிக்கிழமை சாப்பாடு

சைடு வீலை நிமிர்த்தி வெல்டு வைத்தேன். இன்ஜினைத் திறக்கவில்லை. திறக்க எனக்கு மனசில்லை என்பதுதான் உண்மை. இன்ஜினில் குற்றம் இல்லை, அவர் ஓட்டுவதில்தான் குற்றம் என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அந்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுதுவிட்டு வீட்டுக்கு வந்தேன். தட்டில் சோறு அப்படியே இருந்தது.

"ஏங்க, வெஞ்சனம் நல்லால்லையா?" என்று என் மனைவி கேட்டாள்.

நடந்ததைச் சொன்னேன். லேட்டாக கியர் மாற்றியதால் வந்த வினை என்றும் சொன்னேன். அவளுக்கு இன்ஜின் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் முத்தையாவைத் தெரியும். பெருநாளைக்கு எங்கள் வீட்டுக்கு மலை வாழைப்பழம் கொண்டுவருகிறவர்.

"அவரு கை எப்பிடின்னு வேலைக்கு எடுக்கும்போதே உங்களுக்குத் தெரியும்ல?"

"தெரியும்."

"அப்பறம் அந்தக் கைக்குத்தான செஞ்சு குடுக்கணும்? செருப்பு தைக்கிறவரு, கால் சரியில்லைன்னு திருப்பி அனுப்புவாராக்கும்?"

அன்று பள்ளிவாசலில் துஆ கேட்கும்போது எதைக் கேட்பது என்றே தெரியாமல் கையை ஏந்திக்கொண்டிருந்தேன். ஏன் அப்படி இருந்தது என்று சாப்பாட்டுத் தட்டின் முன்னால்தான் புரிந்தது. என் குற்றத்தை இன்னொருவர் தலையில் வைத்துவிட்டுப் படைத்தவனிடம் என்ன கேட்பது?

உடனே முத்தையாவுக்குப் போன் போட்டேன். "நாளைக்குக் காலைல சரக்கோட மலைக்குப் போவோம். நான் பின்னாடி உக்காந்து வாரேன். கட்டைய நான் போடுறேன்."

"நீங்களா?" என்று சிரித்தார். "வயசுக்குத் தகுந்த வேலையாப் பாருங்க பாய்."

5. பின் சீட்டிலிருந்து பார்த்தது

சனிக்கிழமை அரிசி மூட்டை, எண்ணெய் டின்னோடு ஏறினோம். மடியில் கட்டையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். முத்தையா கியர் மாற்றுவதை முதல் தடவையாக அன்றைக்குத்தான் பக்கத்திலிருந்து பார்த்தேன். முப்பது வருட மெக்கானிக், அதுவரை பார்த்ததில்லை!

இடது கை கிளட்ச்சில். கியர்த் தண்டு வண்டியின் இடது பக்கம். ஆகவே வலது கையை ஆக்சிலேட்டரிலிருந்து எடுத்து, டேங்கைத் தாண்டி நீட்டித்தான் தண்டைத் தள்ள வேண்டும். கையை எடுத்த நொடியில் இன்ஜின் சுற்று தானாக அடங்கிவிடும். தள்ளி முடித்து, கை திரும்பி வந்து, மறுபடி ஆக்சிலேட்டரை முறுக்க வேண்டும். ரேஸைக் குறைக்காமல் பட்டென்று போட வேண்டுமாம்! நான் சொன்ன மாதிரிச் செய்ய மூன்று கை வேண்டும்.

ரேஸ் கேம் என்ன செய்யும்? சுற்று உச்சத்தில் இருக்கும்போது மட்டும் வேலை செய்யும். சுற்று இறங்கினால் செத்துவிடும். அகலமான மேடு என்பதால், பிஸ்டன் மேலே ஏற ஆரம்பித்த பிறகும் காற்றை உள்ளே விடும் இன்டேக் வால்வு திறந்தே இருக்கும். வேகமாகச் சுற்றும்போது காற்று உள்ளே பாய்ந்துகொண்டே இருப்பதால் அது லாபம். மெதுவாகச் சுற்றும்போது உள்ளே வந்த காற்றையும் பெட்ரோலையும் பிஸ்டன் வந்த வழியே திருப்பித் தள்ளிவிடும். பாதி வயிற்றோடு இன்ஜின் எப்படிப் பாரம் இழுக்கும்?

ஐந்தாவது வளைவிலேயே நின்றது. குதித்துக் கட்டையைப் போட்டேன். அதற்குள் ஒரு முழம் பின்னால் உருண்டுவிட்டது.

"எங்க வீட்டுக்காரி உங்களவிட ஃபாஸ்ட்டு பாய்," என்றார் முத்தையா, திரும்பிப் பார்க்காமல்.

நான் வண்டிக்கு முன்னால் வந்து நின்றேன். "முத்தையா, அன்னைக்கு உங்க கையச் சொன்னேன். தப்பு உங்க கையில இல்ல. நான் மாட்டுன கேம்ல இருக்கு. மன்னிச்சுக்கங்க."

அவர் தன் வலது கையைப் பார்த்தார். பிறகு, "நாலு நாளா ராவும் பகலும் இந்தக் கைய வச்சு கியர் போட்டுப் பழகிக்கிட்டு இருக்கேன் பாய். கட்டில்ல படுத்துக்கிட்டுக்கூட," என்றார். "நெசமாவே என் தப்பு இல்லையா?"

"அல்லாஹ் மேல ஆணையா இல்ல."

தள்ளியும் நிறுத்தியும் ஒருவழியாகப் பழையூர் போய்ச் சேர்ந்தோம். பாண்டியம்மாள் கடை வாசலில் நின்றுகொண்டிருந்தார். ஆபரேஷன் ஆன உடம்பு, முகம் வெளுத்திருந்தது. எனக்கு மோர் கொடுத்தார். கொடுத்துவிட்டுக் கேட்டார்.

"அண்ணே, இவரு என்ன ரேசுக்கா போறாரு? பழைய இன்ஜின்ல திணறத்தான் செஞ்சுச்சு, இப்பிடி பொசுக்குனு நிக்காது. அன்னைக்கு அந்த லாரி வரலைன்னா?"

"தப்புதான்மா. சரி பண்ணிக் குடுக்குறேன். அதுவரைக்கும் இந்த வண்டியில சரக்கு ஏத்த வேணாம்."

"இல்லைன்னா நானே மறுபடி பின்னாடி ஏறிருவேன். டாக்டரம்மா என்ன சொன்னாலும் சரி. இவர ஒத்தையா விட மாட்டேன்."

அவர் மிரட்டுவதற்காகச் சொல்லவில்லை. செய்துவிடுவார். வேலை எவ்வளவு அவசரம் என்பது அந்த மோரைக் குடிக்கும்போது எனக்குத் தெரிந்துபோனது.

6. கோயம்புத்தூர்க்காரர் கேட்ட கேள்வி

முதலில் பழைய கம்பெனி கேமையே திரும்பப் போட்டுப் பார்த்தேன். வண்டி நிற்கவில்லை, ஆனால் முழுப் பாரத்தோடு செங்குத்தான வளைவுகளில் நடுங்கியது. இன்னொரு மூட்டை கூடினால் நின்றுவிடும். அதை நம்பி ஒரு மனிதரைத் தனியாக அனுப்ப முடியாது.

கோயம்புத்தூரில் கேம் கிரைண்டிங் செய்கிற ஒருவர் எனக்குப் பழக்கம். கடைந்த ஹெட், கம்பெனி கேம், ரேஸ் கேம் மூன்றையும் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். அவர் ஹெட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, போர்ட்டுக்குள் விரலை விட்டுத் தடவிப் பார்த்தார்.

"வேலை சுத்தமுங்க பாய். இவ்வளவு நல்லா மூச்சு வுடற ஹெட்டுக்கு எதுக்குங்க அவ்வளவு பெரிய கேமு?"

"போர்ட் பெருசா இருந்தா கேமும் பெருசா இருக்கணும்ல?"

"ஏனுங்க, வாசல் குறுகலா இருந்தாத்தான் கூட்டம் உள்ள போக ரொம்ப நேரம் கதவத் தொறந்து வெக்கோணும். நீங்கதான் வாசல அகலம் பண்ணிட்டீங்களே. செத்த நேரம் தொறந்தாலே கூட்டம் உள்ள போயிருமுங்க. சட்டுனு சாத்துங்க, ஒருத்தனும் வெளிய வர மாட்டான்."

நான் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். ஹெட் நன்றாக இருந்தால் கேம் சின்னதாகவே போதும். இத்தனை வருடம் இதைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டிருந்தேன். ரேஸ் வண்டி எப்போதும் உச்சச் சுற்றில் ஓடுவதால் அங்கே என் தப்பு வெளியே தெரியவில்லை.

பழைய கம்பெனி கேமையே அவர் கடைந்து கொடுத்தார். மேடு இல்லாத அடிவட்டத்தைக் கொஞ்சம் இறக்கியதால் மேட்டின் உயரம் கூடியது. அகலத்தைக் கம்பெனி அளவைவிடச் சற்றுக் குறைத்தார். அதாவது, வால்வு நன்றாகத் திறக்கும், சீக்கிரமாக மூடும்.

பட்டறைக்கு வந்து, பள்ளிக்கூடத்துக் கோணமானியை ஒரு தகரத் தட்டில் ஒட்டி, பிஸ்டனை ஏற்றி இறக்கும் கிராங்க் தண்டின் முனையில் மாட்டினேன். அசைவை முள்ளால் காட்டும் டயல் கேஜை வால்வு மேல் வைத்து, கையால் மெதுவாகச் சுற்றினேன். முதலில் ரேஸ் கேம். பிஸ்டன் கீழே போய்த் திரும்பி மேலே ஏறி வருகிறது, முள் இன்னும் அசைந்துகொண்டிருக்கிறது. வால்வு மூடவே இல்லை. அடுத்து புதிய கேம். பிஸ்டன் திரும்பிய கொஞ்சத்திலேயே முள் அடங்கி நின்றுவிட்டது. இதை முதல் நாளே சுற்றிப் பார்த்திருக்கலாம். அரை மணி நேர வேலை.

வால்வுக்கு மேலே விட வேண்டிய டேப்பட் இடைவெளியை அளந்து வைத்தேன். வால்வு பிஸ்டனில் தட்டவில்லை என்று இரண்டு தடவை பார்த்து மூடினேன். இந்தத் தடவை நான்கு வழிச் சாலைக்குப் போகவில்லை. முத்தையா ஓட்ட, நான் பின்னால் உட்கார, சரக்கோடு மலைக்குத்தான் போனோம். என் எடையும் சேர்ந்து ஏறியது. கை தண்டுக்குப் போகும்போது சுற்று அடங்கியது. கை திரும்பி வந்து முறுக்கியதும், அடங்கிய இடத்திலிருந்தே இழுத்தது. மூன்று தடவை ஏறி இறங்கினோம். எங்கும் நிற்கவில்லை.

7. தனியாக ஏறிய நாள்

மறு வாரம் முழுச் சரக்கோடு அவர் தனியாகக் கிளம்பினார். நான் இன்னொரு வண்டியில் பின்னால் வருகிறேன் என்றேன். வேண்டாம் என்றுவிட்டார்.

"நீங்க பின்னாடி வந்தா நான் தைரியமாத்தான் ஏறுவேன். ஆளே இல்லாம ஏற முடியுதான்னு எனக்குத் தெரிய வேணாமா பாய்?"

அவர் போன பிறகு எனக்கு வேலை ஓடவில்லை. ஒரு கார்புரேட்டரைக் கழற்றிவிட்டு அதன் ஜெட்டை எங்கே வைத்தேன் என்று தேடினேன், அது என் கையிலேயே இருந்தது. யா அல்லாஹ், என் திறமையை நம்பி அனுப்பவில்லை, உன்னை நம்பித்தான் அனுப்பியிருக்கிறேன் என்று வாய் முணுமுணுத்துக்கொண்டே இருந்தது. வழக்கமாகப் போய்ச் சேருகிற நேரம் ஆனது. போன் வரவில்லை. மேலும் கால் மணி போனது. கிளம்பிவிடலாம் என்று செருப்பை மாட்டும்போது போன் அடித்தது. பேசியது பாண்டியம்மாள்.

"அண்ணே, வந்து சேந்துட்டாரு."

"அல்ஹம்துலில்லாஹ். எங்கயும் நின்னுச்சாம்மா?"

"இல்லையாம். ஆனா நான் உசுர விட்டுட்டேன்ணே. எப்பவும் மூணு வளைவு கீழ வரும்போதே வண்டி கத்துற சத்தம் கடைக்குக் கேக்கும். இன்னைக்குச் சத்தமே இல்ல. நின்னுபோச்சுன்னு நெனச்சு ரோட்டுக்கு ஓடியாந்தேன். பாத்தா, எண்ண டின்னோட எதுக்க வந்து நிக்கிறாரு. 'என்னடி, இப்பிடி முழிக்கிற'ங்குறாரு."

"ஓடக் கூடாதும்மா நீங்க. டாக்டர் சொன்னாகல்ல?"

"இனி ஓட மாட்டேன்ணே," என்றார். அழுகிறாரா சிரிக்கிறாரா என்று எனக்குத் தெரியவில்லை. "இனி எதுக்கு ஓடணும்?"

போனை வைத்துவிட்டுப் பட்டறைக் கதவைச் சாத்திக்கொண்டு இரண்டு ரக்அத் நன்றித் தொழுகை தொழுதேன்.

போர்ட்டிங்கும் கேமும் இன்றைக்கும் செய்கிறேன். கேம் விஷயத்தில் நான் கற்றதைச் சுருக்கிச் சொன்னால், ஹெட் எவ்வளவு நன்றாக மூச்சு விடுகிறதோ அவ்வளவுக்குச் சின்ன கேம் போதும். பாரம் இழுக்கிற வண்டியில் வால்வு நன்றாகத் திறக்கட்டும், ஆனால் சீக்கிரம் மூடட்டும். இதைப் புத்தகத்தில் படித்தும் தெரிந்துகொள்ளலாம்.

புத்தகத்தில் இல்லாத இன்னொன்றும் உண்டு. இப்போது யார் வந்து பவர் வேண்டும் என்று கேட்டாலும் நான் ஸ்பேனரை எடுப்பதில்லை. அவர்கள் ஓட்ட, பின் சீட்டில் உட்கார்ந்து, அவர்கள் தினமும் போகிற ரோட்டில், அவர்கள் தினமும் ஏற்றுகிற பாரத்தோடு ஒரு நடை போய் வருகிறேன். என்ன கேம் என்பதைத் திரும்பி வந்த பிறகுதான் யோசிப்பேன். கொடுத்த வண்டி பழுதாகித் திரும்பி வந்தால், என்ன கியரில் வந்தீர்கள் என்று கேட்பதில்லை. முதலில் அடிபட்டதா என்று கேட்கிறேன்.